உப்புச் சுவரில் வோல்பேப்பர் ஒட்டாதீர்கள்

குறைந்த செலவில் வீட்டை அழகாக்க ஸ்டிக்கர் வோல்பேப்பர் ஒட்டலாம் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன், சரி, ஆனால் எங்களைப் போல திருகோணமலை உப்புவெளிப் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு அது சரிவராது. போன வருசம் நானும் ஹோல் சுவரில் ஒட்டினேன், மார்கழி மழைக்குச் சுவர் ஈரம் இழுத்து உள்ளே வெள்ளைத் தூளாக உப்புப் பூத்து, தை பிறக்க முதலே ஓரமெல்லாம் சுருண்டு விழுந்துவிட்டது. அதைச் சொல்லிச் சிரிக்க மனுசிக்கு இன்னும் அலுக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் உரித்து, பழைய பெயின்ற்றையும் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து (தண்ணீர் ஊற்றினால் உப்புக் கரைந்து திரும்பச் சுவருக்குள்தான் போகும்), பங்குனி வெயிலில் நன்றாகக் காயவிட்டு வெறும் சுண்ணாம்பு அடித்தேன். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், பிளாஸ்டிக் தாள் உள்ளேயே அடைத்து வைக்கும், அவ்வளவுதான் விசயம். யன்னலுக்குத் திரையாக அம்மாவின் பழைய கைத்தறிச் சேலை இரண்டு, ஓரம் தைத்தது பிள்ளைகள். அப்புறம், சுவரில் பலகைத் தட்டு அடிப்பவர்கள் சாதாரண இரும்பு ஆணி வாங்காதீர்கள், கடற்காற்றுக்குத் துருப்பிடித்துச் சுவரில் கோடுகோடாக இறங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ ஆணி விலை கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.