சால்மன் பேன் மூளைக்குள் போவதில்லை

நார்வே பண்ணைகளில் வளரும் சால்மன் மீனின் மூளைக்குள் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி புகுந்து டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை மாற்றுகிறது என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இதில் இரண்டு ஒட்டுண்ணிகள் கலந்துவிட்டன. கடல் பேன் தோலில்தான் ஒட்டியிருக்கும், சளியையும் தோலையும் ரத்தத்தையும் தின்னும், அந்தப் புண்ணே மீனுக்குப் பெரிய வேதனை. பெண் பேன் சுமார் 1 செ.மீ., பின்னால் நூல் மாதிரி இரண்டு முட்டைச் சரம் தொங்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். மூளைமேல் தங்கி டோபமைன், செரோடோனின் ஆகிய மூளை ரசாயனங்களின் இயக்கத்தை மாற்றுவது கலிஃபோர்னியா கழிமுகங்களில் கில்லிமீன் என்ற சிறு மீனைத் தொற்றும் யூஹாப்ளார்கிஸ் என்ற தட்டைப்புழு. இந்தப் புழு தொற்றிய மீனின் நடத்தை மாறுவதைப் பற்றி லாஃபர்ட்டி, மோரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய 1996 ஆய்வுக் கட்டுரையைத் தேடினால் கிடைக்கும். அப்புறம், நார்வே பண்ணைகள் மீன் உடம்பில் பார்த்து எண்ணும் பேன் கணக்கு வாரந்தோறும் பாரென்ட்ஸ்வாட்ச் என்ற நார்வே இணையதளத்தில் வருகிறது, யாரும் திறந்து பார்க்கலாம்.