ஸ்டெம் ஸ்ப்ளிட்டர் எல்லாம் சரி, எனக்குப் பிடிச்சது அந்தக் கோடு

மிக்ஸிங் சாஃப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்தா எல்லாரும் முதல்ல போய்த் தட்டிப் பாக்கறது பாட்டைப் பிரிச்சுக் கொடுக்கற ஸ்டெம் ஸ்ப்ளிட்டரைத்தான். நானும் அதைத்தான் பண்ணேன், பொய் சொல்லல. ராத்திரி ஒரு மணிக்கு இன்ஸ்டால் முடிஞ்சதும் வேற எதையும் திறக்காம ஒரு பழைய பாட்டை இழுத்துப் போட்டேன், குரல் தனியா வந்து நிக்குது, வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன். ஆனா ரெண்டு மாசம் நிஜ வேலைல ஓட்டிப் பாத்த பிறகு தினமும் என் கை போறது வேற ஒரு இடத்துக்கு, வால்யூமை வரையற ஒரு கோட்டுக்கு. விளம்பரத்துல அதைப் பத்திப் பெருசா ஒரு வார்த்தை கூட இல்ல.

முதல்ல ஸ்ப்ளிட்டர் கதையை முடிச்சுடறேன். எஃப்எல் ஸ்டுடியோல 2023லயே வந்துச்சு, லாஜிக் ப்ரோ 11ல 2024 மே மாசம், ஸ்டுடியோ ஒன் 7ல அதே வருஷம் அக்டோபர், ஏபில்டன் லைவும் அப்புறம் சேந்துக்கிச்சு. இப்ப இது இல்லாத சாஃப்ட்வேரைத் தேடணும். உள்ள நடக்கறது மந்திரம் ஒன்னும் இல்ல. பொதுவா, கலந்து போன சத்தத்தை நேரம், ஃப்ரீக்வன்சின்னு சின்னச் சின்னக் கட்டமா வெட்டிப் பாத்து, இந்தக் கட்டத்துல குரல் எவ்வளவு, ட்ரம்ஸ் எவ்வளவுன்னு முன்னாடி கத்துக்கிட்டதை வச்சு ஊகிக்குது. பெரும்பாலும் குரல், ட்ரம்ஸ், பேஸ், "மத்தது"ன்னு நாலு டப்பா. லாஜிக்ல 2025 அப்டேட்ல கிடாருக்கும் பியானோவுக்கும் தனி டப்பா போட்டாங்க. வயலின், ஃப்ளூட் எல்லாம் இன்னும் "மத்தது" டப்பாக்குள்ள ஒன்னு மேல ஒன்னு ஏறி உக்காந்திருக்கும்.

ஊகம்ங்கறதால தப்பும் வரும், அந்தத் தப்பு எங்க வரும்னு காது பழகிடுச்சுன்னா உடனே பிடிபடும். ஒரு பாடகி கிடாரும் குரலும் சேந்த ஒரே ஃபைல்தான் கொடுத்தாங்க, போன்ல எடுத்தது, தனித்தனியா இல்லவே இல்லன்னு சொல்லிட்டாங்க. பிரிச்சுட்டு குரலை சோலோ பண்ணி, அதாவது அதை மட்டும் தனியாக் கேட்டா, உயிரெழுத்து நீளமா வர்ற இடமெல்லாம் சுத்தம், ஆனா "ஸ்" "ச்" வர்ற இடத்துல எல்லாம் கிடார் கம்பியை மீட்டுற "டிக்" சத்தம் ஒட்டிக்கிட்டு வருது, ஏன்னா ரெண்டும் அதே மேல் ஃப்ரீக்வன்சில ஒரே நேரத்துல வெடிக்குது. வரி முடியற இடத்துல ரூம் எதிரொலி பாதியிலயே நறுக்குன்னு அறுந்துடுது, தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி ஒரு குழப்பம் வேற. சோலோல கேட்டா அழுகை வரும். பேஸும் ட்ரம்ஸும் மேல ஏறின பிறகு பாதிப் பேருக்குத் தெரியாதுங்கறதும் உண்மை. அதனால என் கணக்குல அது ஆம்புலன்ஸ். இருக்கணும், ஆனா அதுல ஏறி தினம் ஆஃபீசுக்குப் போக மாட்டோம்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்தக் கோடு. ஆடியோ க்ளிப் மேலயே வால்யூமை வரையற கோடு. புதுக் கண்டுபிடிப்பும் இல்ல, ப்ரோ டூல்ஸ்ல க்ளிப் கெய்ன்னு 2011லயே 10ஆம் வெர்ஷன்ல வந்துடுச்சு. ஆனா நான் ஓட்டறதுல இப்பத்தான் இதை ஒழுங்கா, மௌஸால ஒரே இழுப்புல வரையற மாதிரி கொண்டு வந்திருக்காங்க. "ஃபேடர் ஆட்டோமேஷன் இருக்கே, அப்புறம் இது எதுக்கு"ன்னு ஒருத்தர் கேட்டார். ஃபேடர்னா மிக்ஸர்ல சேனல் வால்யூமை ஏத்தி இறக்கற பட்டை, அந்த அசைவைப் பதிஞ்சு வைக்கறதுதான் ஆட்டோமேஷன். எல்லா வித்தியாசமும் அங்கதான் இருக்கு. ஃபேடர் வேலை செய்யறது ப்ளகின் (சத்தத்தை மாத்தற குட்டி சாஃப்ட்வேர்) எல்லாம் தாண்டி வந்த பிறகு, க்ளிப் கோடு வேலை செய்யறது ப்ளகினுக்குள்ள போறதுக்கு முன்னாடி. ஒரு வரில ஒரே ஒரு வார்த்தைய மட்டும் பாடகர் அடிவயித்துல இருந்து கத்திட்டார்னு வைங்க, சத்தம் ஏறினா அமுக்கற கம்ப்ரஸர் ப்ளகின் அந்த வார்த்தையப் பாத்து 8, 9 டிபி (டெசிபல்) அமுக்கிடும், அடுத்த வார்த்தை மெதுவா இருந்தாலும் அமுக்கின கையை எடுக்க அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும், அதுக்குள்ள அந்த வார்த்தையும் செத்துடும். நீங்க ஃபேடரை எவ்வளவு தூக்கினாலும் செத்தது செத்ததுதான். அதுக்குப் பதிலா அந்த ஒரு வார்த்தை மேல மட்டும் 4 டிபி பள்ளம் வரைஞ்சு விட்டா கம்ப்ரஸர் நிம்மதியா 5, 6 டிபியோட நிறுத்திக்கும், குரல் மூச்சு விடும்.

"ஸ்" சத்தத்துக்கும் இதே வைத்தியம். ஸ்க்ரீன்ல க்ளிப்பைப் பெருசாக்கிப் பாத்தா அது கம்பளிப்பூச்சி மாதிரி தெரியும், அடர்த்தியா முடி முளைச்ச மாதிரி, பக்கத்துல இருக்கற உயிரெழுத்து அலை அலையா வரிசையா இருக்கும். கண்ணாலயே அடையாளம் தெரியும். ஒவ்வொரு கம்பளிப்பூச்சியையும் 3, 4 டிபி கீழ இழுத்து விடறேன், ஒரு பாட்டுக்கு இருபது நிமிஷம் ஆகும், ஆனா "ஸ்" சத்தத்தைத் தானா அமுக்கற டீ-எஸ்ஸர் போட்டு குரலையே நாக்கு தடிச்ச மாதிரி ஆக்கறதை விட எவ்வளவோ மேல். சிரிக்காதீங்க, இந்த இருபது நிமிஷத்துல பாட்டை ஒவ்வொரு எழுத்தா கேக்கறேன், மிக்ஸ்ல வேற என்ன பண்ணணும்னு பாதி அங்கயே தெரிஞ்சுடுது.



முடிஞ்ச மிக்ஸுக்குத் தானா கடைசி மெருகு போடற ஆட்டோ மாஸ்டரிங் பத்தி ஒரே ஒரு எச்சரிக்கை. பட்டனை அமுக்கினதும் "ஆஹா, என்னமா இருக்கு"ன்னு தோணும், தோணத்தான் செய்யும், ஏன்னா சத்தம் கூடியிருக்கும். கொஞ்சம் சத்தமா இருந்தாலே நம்ம காதுக்கு அது நல்லா இருக்கற மாதிரிதான் படும். ரெண்டையும் ஒரே லெவலுக்குக் கொண்டு வந்துட்டுக் கேளுங்க. நான் அப்படிக் கேட்ட அஞ்சு பாட்டுல மூணுக்கு என் பழைய மிக்ஸே நல்லா இருந்துச்சு, கிக் அடி இன்னும் உயிரோட இருந்துச்சு. எப்படியும் ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்ல -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கற அலகு) பக்கத்துக்கு இறக்கிடுவான், அப்புறம் யாருக்காக இந்த அமுக்கு அமுக்கறோம்?

நம்மள சுத்தி எல்லாப் பக்கமும் சத்தம் வர்ற மாதிரி பண்ற அட்மாஸ் மிக்ஸிங் உள்ளயே வந்தாச்சு, அசையாத அடித்தளம் (பெட்) போக, இஷ்டத்துக்கு நகர்த்தற சத்தம் (ஆப்ஜெக்ட்) 118 வரைக்கும் வச்சுக்கலாம், நான் ரெண்டு தடவை திறந்து தலைய சுத்தி ஹை-ஹேட்டைப் பறக்க விட்டுட்டு மூடிட்டேன். என்கிட்ட இருக்கறது ரெண்டு ஸ்பீக்கர். அதுக்கு மேல கருத்து சொன்னா அது கதை.

சத்தத்தை உள்ள கணக்குப் போடறது 64 பிட் ஃப்ளோட் இன்ஜின்னு பெருமையா போடறாங்க, அது உண்மையாவே உபயோகம்தான், உள்ளுக்குள்ள ஒரு சேனல் சிவப்பு காட்டினாலும் சத்தம் உடையாது, கடைசி மாஸ்டர் சேனல்ல இறக்கிக்கலாம். ஆனா பழைய அனலாக் மெஷின் மாதிரி செஞ்ச ப்ளகின்களுக்குள்ள அதே சூட்டோட போனா அது கரகரன்னு ஆயிடும், கடைசில 24 பிட் ஃபைலா எடுக்கும்போது பூஜ்யம் டிபிங்கற உச்சத்தைத் தாண்டினது எல்லாம் வெட்டுப்படும். இன்ஜின் காப்பாத்தும்னு லெவலை மறந்துடாதீங்க.

சரி, என் முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். பாதி மிக்ஸ் நடக்கும்போது அப்டேட் பண்ணேன். பண்ணக் கூடாதுன்னு மத்தவங்களுக்கு நானே நூறு தடவை சொல்லியிருக்கேன். செஷன் திறந்தா குரலுக்கு எதிரொலி கொடுக்கற ரிவர்ப் ப்ளகின் இருந்த இடத்துல ஒரு சாம்பல் கலர் கட்டம், ப்ளகின் கிடைக்கலன்னு. அது விஎஸ்டி2ங்கற பழைய ப்ளகின் ஃபார்மட்ல இருந்தது, புது வெர்ஷன் அதை எடுத்துக்கல, செஞ்ச கம்பெனியும் அதை விட்டு வருஷக்கணக்காச்சு. பழைய வெர்ஷனையும் வீரமா நீக்கிட்டேன். ரிவர்பை ஆடியோவா எடுத்து வைக்கவும் இல்ல. கையில இருந்தது போன வாரம் கிளையன்டுக்கு அனுப்பின ஒரே ஒரு ரஃப் மிக்ஸ்.

வேற வழி இல்லாம எதைக் கிண்டல் பண்ணேனோ அதுகிட்டயே போனேன். ரஃப் மிக்ஸை ஸ்ப்ளிட்டர்ல போட்டேன், எதிரொலியோட வால் பாதி குரல் டப்பால, பாதி "மத்தது" டப்பால போய் விழுந்துச்சு, ரெண்டையும் அப்படியே வச்சு ஒட்டற மாதிரி இல்ல. ஆனா தனியா கேக்க முடிஞ்சுச்சு. பல்லவி முடியற இடத்துல வால் எவ்வளவு நீளம்னு எண்ணினேன், ரெண்டு செகண்டுக்குக் கொஞ்சம் மேல, குரலுக்கும் எதிரொலிக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி, மேல் சத்தம் சீக்கிரமே மங்குது. புது ரிவர்ப்ல அதை அப்படியே காதாலயே கட்டினேன், விடியற வரைக்கும்.

கிளையன்ட் ஃபைனல் கேட்டுட்டு ரிவர்ப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. "அந்த ரெண்டாவது சரணத்துல 'ஸ்' மட்டும் இன்னும் கொஞ்சம் குறைங்க"ன்னார்.