காந்தம் ஒட்டினால் போலிக் கத்தியா?

விக்டோரினாக்ஸ், லெதர்மேன் நிறுவனங்களின் கத்திகளை ஒப்பிடும் இந்தப் பேச்சில், "பிளேடில் காந்தம் ஒட்டினால் போலி, அசல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒட்டாது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அதை நம்பி, டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போவதாக இன்னொருவர் சொல்கிறார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். இரண்டு நிறுவனங்களின் அசல் பிளேடிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும்.

பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து எவர்சில்வர் வாங்கும் நம் ஊர்ப் பழக்கத்திலிருந்து வந்த குழப்பம் இது என்று நினைக்கிறேன். பழக்கம் தவறில்லை, பொருள்தான் வேறு. நல்ல எவர்சில்வரில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அந்த நிக்கலால்தான் காந்தம் ஒட்டுவதில்லை. ஆனால் அந்த எஃகைக் காய்ச்சிக் குளிர வைத்துக் கடினமாக்க முடியாது, கூர் நிற்காது. கத்திக்குக் கார்பன் கூடிய, குரோமியம் 13, 14 சதவீத அளவில் உள்ள எஃகு வேண்டும். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஆனால் காந்தத்துக்கு இழுபடும்.

சோதிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும் பொம்மைக் காந்தத்தை எடுத்து, எவர்சில்வர் டம்ளரிலும் துருப்பிடிக்காத காய்கறிக் கத்தியிலும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் டம்ளரில் நழுவும், கத்தியில் ஒட்டும். போலிக் கத்தியிலும் பெரும்பாலும் அப்படியே ஒட்டும் என்பதால், காந்தம் ஒட்டுவதை வைத்து அசலா போலியா என்று சொல்ல முடியாது.