பிடி அரிசியை நிறுத்த வேண்டாம்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்த கூட்டத்தில், எங்கள் சபையில் பிடி அரிசிக் காணிக்கையை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. ரேஷன் அரிசியும் பொன்னியும் இட்லி அரிசியும் ஒன்றாகக் கலந்து வருகிறதாம், ஏலத்தில் யாரும் எடுப்பதில்லையாம். கவரில் பணம் போட்டால் கணக்கு எழுதவும் சுலபம். பலரும் தலையாட்டினார்கள். நான் அன்று வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்துக் கிராமம். உலை வைக்க அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பதுதான் பிடி அரிசி. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ஒரு பால்மாவு டப்பாவில் போடுவார். ஆயா பீடி சுற்றினவர். மடியில் முறம், அதில் வெட்டின இலையும் தூளும். ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார், விரல்கள் பாட்டுக்கு வேலை செய்யும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முறத்தை இறக்கிவிட்டுச் சாம்பல் போட்டுக் கை கழுவுவார். புகையிலை வாசம் மட்டும் போகவே போகாது. அந்தக் கையால் அரிசி அளந்து, ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டுவிட்டு, கொஞ்சம் கண்ணை மூடுவார். அரைப்படிதான் இருக்கிறது என்றாலும் அதே பிடிதான். "நமக்கே இல்லியே ஆயா" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லாத வூட்டுல இன்னா பண்ணுவாங்கன்னு இருக்கிறவனா யோசிப்பான்? நாமதான் யோசிக்கணும்" என்றார்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் வட ஆற்காட்டில் கூலிக்காரர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் அதற்கு முன்பே இங்கே இருந்தது. ஆனால் சேரி மக்கள் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்தது பஞ்சத்தை ஒட்டித்தான். கஞ்சிக்கு மதம் மாறினவர்கள் என்று இன்றைக்கும் எங்களைச் சொல்பவர்கள் உண்டு. அதில் எனக்கு வெட்கமே இல்லை. பசித்தவன் கஞ்சி ஊற்றின இடத்தில் உட்கார்ந்தான். பிறகு அவன் வீட்டுப் பெண் தன் உலையிலிருந்தே ஒரு பிடி எடுத்து இன்னொரு பசித்த வீட்டுக்கு வைத்தாள். இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் சபைக்கு வந்துவிடவில்லை. கோலார் தங்கவயலுக்கு வட ஆற்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அங்கே மாரிகுப்பத்தில் பௌத்தராகிவிட்டார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கே நல்ல வேர் இருந்தது. அந்தப் பங்காளிகள் இன்றும் அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14க்கு ஊருக்கு வருவார்கள். எங்கள் கூடத்தில் சிலுவைக்குக் கீழே அம்பேத்கர் படம். யாருக்கும் உறுத்தியதில்லை.

தெருவில் பாதி வீடு கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. அந்தப் பெண்களும் பிடி அரிசி கொடுத்தார்கள். சாவு விழுந்த வீட்டுக்கு அரிசி போகும்போது எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்று கேட்டதில்லை. ராத்திரிப் பள்ளிக்கூடத்து மண்ணெண்ணெய் அந்த அரிசியை ஏலம் விட்ட காசுதான். என் அத்தை டீச்சர் டிரெய்னிங்குக்குப் போனபோது முதல் மாத விடுதிப் பணமும் அரிசி ஏலத்தில் வந்ததுதான்.

விடுதலை என்று பேசினால் சாதிச் சான்றிதழைச் சொல்லாமல் முடியாது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திருத்தம் வந்தது, எங்களுக்கு வரவில்லை. தங்கவயல் பங்காளிக்கு எஸ்.சி., என் நைனாவுக்கு பி.சி. டீக்கடையில் தனி டம்ளர் இருந்த நாளில் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்து நைனாவுக்கு யாரும் டம்ளரை மாற்றிக் கொடுக்கவில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் இதற்காகத் தீர்மானம் போட்டது, நல்லது. கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் எங்கள் பெரியவர்கள் அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

கவரில் பணம் போடுவது தப்பில்லை. ஆனால் கவர் பெரும்பாலும் ஆண்கள் பையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருவது. பிடி அரிசியைத் தினமும் முடிவு செய்கிறவள் பெண். கூலிப் பணம் யார் கையில் இருந்தாலும், அந்த ஒரு பிடிக்கு ஆயா யாரையும் கேட்டதில்லை. தனக்கென்று துண்டு நிலம்கூட இல்லாதவருக்கு அது எவ்வளவு பெரிய உரிமை!

கலந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது, உண்மைதான். சரி, ஏலம் வேண்டாம். மாதக் கடைசி ஞாயிறு அதைக் கஞ்சியாகக் காய்ச்சுவோம், கஞ்சியில் எல்லா அரிசியும் குழைந்துவிடும். தெருவில் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே பந்தியில் உட்காருவோம். கமிட்டியில் இருக்கும் அண்ணன்மாரிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

நேற்று பரணிலிருந்து ஆயாவின் டப்பாவை இறக்கினேன். மூடி துருப்பிடித்திருந்தது, புளி போட்டுத் தேய்த்தோம். மகளுக்குக் கை சின்னது, அதனால் இரண்டு பிடி போட்டாள். அப்புறம் தெருவில் எட்டு வீட்டில் கேட்டேன். ஆறு வீட்டில் சரி என்றார்கள். அதில் இரண்டு, கூழ் ஊற்றுகிற வீடு.