அளவு சரியென்றால் அட்டை வெட்டப்படவில்லையா?

மட்டக்களப்பில் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட பழைய அட்டைகளைச் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "அடிமட்டத்தில் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் இருந்தால் ஓரம் வெட்டாத அட்டைதான், நம்பி வாங்கலாம்." தேய்ந்த ஓரத்தைச் சீவிப் புதிதுபோலக் காட்டி விற்கும் ஏமாற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லப்படும் வழி இது. ஆனால் இது தவறு.

இவ்வகை அட்டைகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டாப்ஸ் அந்த அளவுக்கு மாறியது 1957இல்தான். 1952 முதல் 1956 வரை வந்த அதன் பேஸ்போல் அட்டைகள் அதைவிடப் பெரியவை. ஆகவே 1952 அட்டை அந்த அளவில் இருந்தால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம். அப்புறம், அந்தக் காலத்து அட்டைகள் ஆலையிலேயே மயிரிழை கூடக்குறைய வெட்டுப்பட்டு வந்தவை. சற்றுப் பெரிதாக வந்த அட்டையின் மழுங்கிய ஓரத்தைச் சீவினாலும் அளவு சரியாகவே காட்டும்.

ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். கல்லடியில் நண்பர் ஒருவரின் அட்டையைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். மூன்று ஓரங்கள் தேத்தண்ணீர் நிறத்தில் பழுத்து, நார் மெத்தென்று இருந்தன. நாலாவது வெள்ளை வெளேரென்று, மூலை கொக்கிபோல் நீட்டிக்கொண்டு: பிறகு வெட்டிய ஓரம். ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியிருந்தார். எனக்கு மனம் கனத்துவிட்டது.

அட்டையைப் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி தரும் நிறுவனங்களின் தரச்சான்றும் முழுக் காப்பல்ல. 8 புள்ளி பெற்ற, பேஸ்போல் வீரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற அட்டையின் ஓரங்களை வெட்டியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். வாங்குமுன் நான்கு ஓரங்களையும் கிட்டவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.