பேட்டரியைப் பார்த்து வாங்குங்கள் என்றுதானே சொன்னேன்?

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களில் பலர் பார்த்துவிட்டீர்கள். "டீச்சர் பேச்சைக் கேட்டு வாங்கினேன், பணம் போனதுதான் மிச்சம். பேட்டரி மெஷின் எல்லாம் பொம்மை" என்று எங்கள் தெரு சார் ஒருவர் எழுதியிருந்தார். அந்த டீச்சர் நான்தான். அதற்குக் கீழே பதினேழு பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. டிரில் போல வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடும் மெஷின் வாங்கப் போனால், மெஷினைத் தேடாதீர்கள், முதலில் பேட்டரியைத் தேடுங்கள். சார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் மனைவி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே மூன்று முறை சொன்னேன். எந்த நிறுவனத்தின் பேட்டரி நம் பட்டுக்கோட்டைக் கடையில் தனியாகக் கிடைக்கிறது, பழுதானால் யாரிடம் கொடுப்பது, அதே பேட்டரியை மாட்டி நாளைக்கு வேறு என்னென்ன ஓட்டலாம் என்று விசாரியுங்கள். பிறகு டிரில் வாங்குங்கள், வேலி வெட்டும் மெஷின் வாங்குங்கள் என்றேன். நன்றாகத் தலையாட்டினார். அன்று இரவே கைப்பேசியில், '88 வோல்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த கையடக்க மரம் அறுக்கும் மெஷினை வாங்கிவிட்டார். இரண்டு பேட்டரி, சார்ஜர், பெட்டி எல்லாம் சேர்த்து 2,899 ரூபாய். இதையா நான் வாங்கச் சொன்னேன்?

செத்துப்போன பேட்டரியை அவர் மகன்தான் என்னிடம் கொண்டுவந்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேட்டரி பழுதுபார்க்கும் தம்பி நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே ஐந்தே ஐந்து செல். பெட்டியில் பாதி இடம் காலி. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம் கொண்ட, '18650' என்று எல்லோரும் சொல்லும் அதே லித்தியம் செல்தான். இந்த வகைச் செல் ஒன்றின் கணக்கு 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2. ஐந்தையும் வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், அப்போதுதான் சார்ஜரிலிருந்து எடுத்திருந்தால் 21. மீட்டர் வைத்துப் பார்த்தபோது நான்கு செல்லில் 3.7 இருந்தது, ஐந்தாவதில் 0.9. அந்த ஒன்று படுத்ததால் மொத்தமும் படுத்துவிட்டது. உண்மையிலேயே 88 வோல்ட் வேண்டுமென்றால் இருபத்துநான்கு, இருபத்தைந்து செல் வேண்டும். உள்ளங்கை அளவுப் பெட்டியில் அதை எங்கே வைப்பது? இந்தக் கணக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

நல்ல நிறுவனங்களே ஒருவர் 18 என்றும் மற்றவர் 20 என்றும் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். இரண்டும் அதே ஐந்து செல்தான். செல்லுக்கு 3.6 வைத்து எழுதினால் 18, நான்கு வைத்து எழுதினால் 20. மூன்று செல் போட்டதை 10.8 என்றும் எழுதுகிறார்கள், 12 என்றும் எழுதுகிறார்கள். அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 88-க்கு ஒரு காரணமும் இல்லை.

வோல்ட்டோடு, பேட்டரியின்மேல் Ah என்று போட்டிருக்கும் ஆம்பியர்-அவரையும் பெருக்கிப் பாருங்கள். வருவது வாட்-அவர், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சக்தி. 18 வோல்ட்டில் 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். 5 என்றால் 90. சுவரில் ஓட்டை போடவும் ஸ்க்ரூ முடுக்கவும் முதலாவது தாராளம். செம்பருத்தி வேலியை வெட்டவும் முருங்கைக் கிளையை அறுக்கவும் 4 அல்லது 5 இல்லாமல் இறங்காதீர்கள். ஒரு நிறுவனத்தின் பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றின் மெஷினில் ஏறாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஏறாததும் உண்டு: பாஷின் பச்சை நிற வீட்டு உபயோக 18 வோல்ட் பேட்டரி அவர்களுடைய தொழில்முறை நீல நிற மெஷினில் மாட்டாது, மகிதாவின் 18 வோல்ட்டும் 40 வோல்ட்டும் தனித்தனிக் குடும்பம். முதல் பேட்டரியை வாங்கும் அன்றைக்கே அடுத்த பத்து வருடத்துக்கு எந்த வீட்டில் சம்பந்தம் என்பதை முடிவு செய்துவிடுகிறீர்கள். அதனால்தான் பேட்டரி, பேட்டரி என்று அடித்துக்கொண்டேன்.

"வயர் போட்ட டிரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, உங்களுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன். போன மார்கழியில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, தெய்வாதீனம். கைப்பிடிக் கம்பி ஒன்றைச் சுவரில் பொருத்த வேண்டும். ஆள் நாளை வருகிறேன் என்றார், மறுநாளும் அதையே சொன்னார், மூன்றாம் நாள் போனையே எடுக்கவில்லை. எங்கள் குளியலறையில் பிளக் பாயிண்ட் கிடையாது. ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துப்போட்டு, 230 வோல்ட் டிரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா?

பேட்டரி டிரில்லை எடுத்தேன். டைலில் குறி வைத்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகத் தாள் டேப் ஒட்டினேன், முனை வழுக்காமல் இருக்க. டிரில்லின் கழுத்து வளையத்தை, சுற்றிக்கொண்டே இடிக்கும் சுத்தியல் குறியிலிருந்து நகர்த்தி வெறும் சுழற்சியில் வைத்து, டைலுக்கான ஈட்டி முனைப் பிட்டை மாட்டி, மெதுவாக அழுத்தினேன். வெள்ளைத் தூள் கோலமாவு போல டேப்பின்மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. டைல் தாண்டியதும் சத்தம் மாறும். செங்கல் வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, பிட்டை மாற்றி, வளையத்தைச் சுத்தியலுக்குத் திருப்பி உள்ளே இறக்கினேன். ஆறு ஓட்டை. ஒரு டைல்கூட விரியவில்லை. பேட்டரியில் சார்ஜைக் காட்டும் மூன்று விளக்கு இரண்டாகியிருந்தது, அவ்வளவுதான். அன்று மாலை அம்மா அந்தக் கம்பியைப் பிடித்து, என் கையை விட்டுவிட்டு, தானாக எழுந்தார். இதை ஆடம்பரம் என்று சொல்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

"கரண்ட் போனால் என்ன செய்வாய்?" என்ற கேள்வி நியாயமானது. கஜா புயலை நான் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை எங்கள் பக்கத்துத் தென்னை எல்லாம் சாய்ந்தபோது, பாதையைத் திறந்துவிட்டது பெட்ரோலில் ஓடிய மெஷின்கள்தான். எங்கள் வீட்டுக்கு மின்சாரம் திரும்ப இருபது நாளுக்கு மேல் ஆனது. விழுந்த தென்னையை அறுக்கக் கையடக்கப் பேட்டரி மெஷின் போதாது, நானே சொல்கிறேன். கூரைக் கான்கிரீட்டில் மின்விசிறிக் கொக்கிக்கு ஓட்டை போடப் பெரிய ஹேமர் டிரில்லை வாடகைக்கு எடுங்கள். மணிக்கணக்கில் கம்பி அறுக்கும் வேலை இருந்தால் வயர் போட்ட கிரைண்டரே போதும். ஆனால் கஜா வருடா வருடம் வருவதில்லை. முருங்கைக் கிளை வருடா வருடம் பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் சாய்கிறது.

விலையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் முறை பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து வலிக்கும். இரண்டாவது மெஷினைப் பேட்டரி இல்லாமல் வெறுமனே வாங்கலாம். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகையில் பேட்டரியைப் போட்டுவைத்துவிட்டு, ஆயுள் போய்விட்டது என்று நிறுவனத்தைத் திட்டாதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும்போது சார்ஜரில் செருகாதீர்கள். மரம் அறுக்கும் மெஷினின் செயினைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பொம்மை என்று நினைத்துப் பிடித்தால் விரல் போய்விடும்.

அந்தப் 'பொம்மை' என்ற சொல்தான் இரண்டு நாளாக உறுத்துகிறது. சாரின் பதிவுக்குக் கீழே ஒருவர், "டீச்சர் இனிமேல் கொத்தனார் வேலைக்கும் போவார்" என்று எழுதினார். அதற்குத்தான் சிரிப்பு அதிகம். குழுவில் என்னிடம் படித்தவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை.

அப்பாவிடம் கையால் சுற்றும் டிரில் ஒன்று இருந்தது. பல் சக்கரம் வைத்தது, மரக் கைப்பிடி. ஞாயிற்றுக்கிழமைகளில் அலமாரிக்கோ கதவுக்கோ ஓட்டை போடும்போது அண்ணன்தான் சுற்றுவான். எனக்கு டார்ச் பிடிக்கும் வேலை. நானும் ஒரு தரம் சுற்றுகிறேனே என்று கேட்டால், "கை நோகும்மா, வெளிச்சத்தை ஆட்டாமல் பிடி" என்பார் அப்பா. அன்பாகத்தான் சொல்வார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு டிரில் வாங்கி, நானே சுவரில் ஓட்டை போட்டபோது எனக்குக் கை நோகவே இல்லை. அதைத்தான் தெருவுக்கே கேட்கும்படி பொம்மை என்கிறீர்கள்.

சார், உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பகை இல்லை. போலி மெஷினைத் திருப்பி அனுப்ப இன்னும் மூன்று நாள் அவகாசம் இருப்பதாக உங்கள் மகன் சொன்னான். பேட்டரியைப் பழையபடி மூடித்தான் கொடுத்திருக்கிறோம். உங்கள் வேலி பாதி வெட்டியபடி தெருப்பக்கம் சரிந்து கிடக்கிறது, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் சைக்கிளில் மாட்டுகிறது. என்னிடம் 5 ஆம்பியர்-அவர் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது, வந்து வெட்டித் தருகிறேன். அதற்கு முன், என் பேச்சைக் கேட்டு வாங்கியதாக எந்தக் குழுவில் எழுதினீர்களோ அதே குழுவில், நான் சொன்னதை வாங்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.