21 தட்டு சீர் வெச்ச மாமன் எழுதறேன்

போன மாசம் குடியாத்தத்துல அக்கா பொண்ணுக்கு மஞ்ச நீராட்டு விழா. தாய்மாமன்ங்கறதால ஓலை வெட்டி குடிசை கட்டுனது நான்தான், 21 தட்டு சீர், தெருமுனைல ஃப்ளெக்ஸ், மேளம் வேற. அவ வயசுக்கு வந்தது ஊருக்கே தெரியும், அவளுக்குதான் இன்னான்னு தெரியல. மொத நாள் எங்கயோ அடிபட்டுடுச்சின்னு ஸ்கூல் பாத்ரூம்லயே உக்காந்து அழுதிருக்கா.

அவ அண்ணன் எட்டாவது படிக்கிறான். "பாப்பாவுக்கு இன்னா மாமா ஆச்சு, ஏன் தனித் தட்டு?"ன்னான். நான் வாய தொறக்கறதுக்குள்ள எங்கக்கா "கம்னு போடா, ஆம்பள புள்ளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்"னு தொரத்தி உட்டுச்சி.

அடுத்த வாரம் போனா, அவன் சாப்ட்ட தட்ட அவ கழுவிக்கினு இருக்கா. ரெண்டும் ஒன்னா சைக்கிள்ல டியூஷன் போனதுங்க, இப்ப அவ சைக்கிள் மாடிப்படி கீழ கெடக்குது. கேட்டா "பெரிய மனுஷி ஆயிட்டால்ல மாமா, ரோட்ல சுத்துனா நல்லாவா இருக்கும்?"ங்கறான். 13 வயசு! யாரும் உக்கார வெச்சி சொல்லித் தரல, அந்த 'கம்னு போடா'வுலயே கத்துக்கினான்.

அதே பையன்தான் ஒரு நாள் வேலூர்லேர்ந்து வண்டில வரும்போது, "மாமா யார்கிட்டயும் சொல்லாத, எனக்கு ஏதோ நோய்"னு ஆரம்பிச்சான். தூக்கத்துல விந்து வந்து ட்ரவுசர் நனைஞ்சிடுதாம். பஸ் ஸ்டாண்ட் செவுத்துல லாட்ஜ் வைத்தியர் போஸ்டர பாத்துட்டு, நரம்புத் தளர்ச்சின்னு பயந்து, லேகியத்துக்கு காசு சேத்து வெச்சிருக்கான். வண்டிய ஓரங்கட்டிட்டு சொன்னேன், நோயும் இல்ல ஒன்னும் இல்லடா, ஹார்மோன் மாறுற வயசுல வர்றது, எனக்கும் வந்துச்சி, அதால ரத்தம் கொறையும்ங்கறதெல்லாம் காசு புடுங்கற கதை. அப்டியே தங்கச்சிக்கு வர்றதயும் சொன்னேன், கர்ப்பப்பை உள்சவ்வு உதிர்ந்து வர்றது, தீட்டும் இல்ல கீட்டும் இல்ல, மொத ஒன்னு ரெண்டு வருஷம் தேதி முன்ன பின்ன ஆவும். "இவ்ளோதானா மாமா?"ன்னுட்டான்.

இத்தனைக்கும் எட்டாவது அறிவியல் புக்குலயே 'வளரிளம் பருவமடைதல்'னு பாடம் இருக்கு. அவன் கிளாஸ்ல "வீட்ல படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிட்டாங்களாம். வீட்ல யார் படிக்கறது? பொண்ணுங்களுக்கு இலவச நாப்கின் குடுக்க புதுயுகம் திட்டம் எப்பவோ வந்துச்சி, நல்ல விஷயம், ஆனா பசங்ககிட்ட பேச ஆளே இல்ல. 18க்கு கீழ இருக்கற பொண்ணு உறவுக்கு சரின்னு சொன்னாலும் 2012 போக்சோ சட்டத்துல அது செல்லாதுன்னு எத்தன பசங்களுக்கு தெரியும்? கேஸ் ஆன அப்பறம்தான் தெரியுது. (நானும் பெரிய யோக்கியன் இல்ல, குடிசை கட்டுன அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல.)

நேத்து அவ சைக்கிள வெளிய எடுத்தேன், ரெண்டு டயர்லயும் காத்து இல்ல. பக்கத்து வீட்ல பம்பு வாங்கினு வந்தது அவன்தான். அக்கா இன்னும் என்கிட்ட சரியா பேசல.